இருநூற்றுப் பதினேழாம் டோக்கன்

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கே மாட்டுங்காவில் வீடுகளில் விளக்குப் போட்டுவிட்டார்கள். அப்படி இருட்டிக்கொண்டு பெய்தது மழை. நயினார் தாராவியிலிருந்து நடந்தே வந்து, கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டி, மகாதேவன் சார் சொன்ன மஞ்சள் கட்டடத்தைக் கண்டுபிடித்தான். வாசலில் நின்று குடையை உதறினான். சட்டைக்குள் மெழுகுத்துணியில் சுற்றியிருந்த நோட்டு நனையவில்லை என்று தொட்டுப் பார்த்தான். அதிலும் ஒரு சந்தேகம். வெளியே எடுத்துப் புரட்டிப் பார்த்த பிறகுதான் படியேறினான்.

எதையும் இரண்டு தரம் பார்க்கிறவன் அவன். தினமும் நடந்ததை அந்த நோட்டில் எழுதிவைப்பான். கண்ணால் கண்டதையும் கையால் அளந்ததையும் மைப் பேனாவில் எழுதுவான், சந்தேகமானதைப் பென்சிலில். நான்கு வருஷத்து நோட்டுகளில் மையைவிடப் பென்சில்தான் அதிகம்.

இருபத்திரண்டு வயது நயினாருக்குப் பகலில் இன்ஜின் ஷெட்டில் வேலை. தண்டவாளத்துக்கு நடுவே தோண்டிய குழியில் இறங்கி, தலைக்கு மேல் அறுபது டன் இரும்பு நிற்க, மல்லாந்து கிடந்து நட்டுக் கழற்றுவது. இறங்குவதற்கு முன் ஒவ்வொருவனும் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை, நீராவியைத் திறக்கும் பிடியில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். டோக்கன் தொங்குகிற இன்ஜினை எந்த டிரைவரும் நகர்த்த மாட்டான். மாட்டியவன்தான் அதை எடுக்க வேண்டும். பெரிய அதிகாரியே வந்தாலும் வேறு கை படக் கூடாது. அதற்கு மேலும் ஒரு காவல் உண்டு. நகர்த்துமுன் டிரைவர் குனிந்து, “நீச்சே கோன் ஹை?” என்று கத்துவான். கீழே யார் என்று கேட்கிறான். அடியில் ஆள் இருந்தால் சக்கரத்தில் சுத்தியலால் இரண்டு தட்டு.

இத்தனை காவல் இருந்தும், குழியில் பாதி இறங்கிய பிறகும் நயினார் ஏறிவந்து டோக்கன் தொங்குகிறதா என்று இன்னொரு தரம் பார்ப்பான். இன்ஜினுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். அதற்காகத்தான் வாரம் மூன்று நாள் சாயங்காலம் டிராஃப்ட்ஸ்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே படம் வரையச் சொல்லிக்கொடுப்பவர் மகாதேவன் சார்.

கதவைத் திறந்ததும் அவர்தான்.

“வாப்பா. இந்த மழையில வரமாட்டேன்னு நெனச்சேன்.”

“யாருடா மகாதேவா?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

“என் ஸ்டூடண்ட், அம்மா. அப்பாவோட இன்ஜினைப் பார்க்க வந்திருக்கான்.”

“மொதல்ல தலையைத் துவட்டிக்கச் சொல்லு. முப்பது வருஷமாப் பெட்டியில கெடக்கற இன்ஜின், அதுக்குள்ள ஓடிப்போயிடாது.” துண்டை நீட்டியபடி வாலாம்பாள் மாமி வந்தாள். மூக்குத்தி மின்ன ஒரு சிரிப்பு.

ஹாலில் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் மாமியின் கணவர் வெங்கடராமன் கிடந்தார். துறைமுகத்துப் பக்கம் இருந்த ஒரு பழைய ஷெட்டில் ஃபிட்டர்களுக்கு மேலாளாக, சார்ஜ்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஷெட்டையே இப்போது இடித்துவிட்டார்கள். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் அசைந்தது. இரண்டு விரலால் எதையோ பிடித்துத் தூக்கும், காற்றில் ஓரிடத்தில் மாட்டும், மடியில் விழும். மறுபடி தூக்கும்.

“நாள் பூரா இதேதான்,” என்றாள் மாமி. “நரம்புக் கோளாறுங்கறார் டாக்டர். எனக்கென்னவோ சட்டையை ஆணியில மாட்டற மாதிரி இருக்கு. நாற்பத்தஞ்சு வருஷமா நாற்காலி மேலயே போட்டவர், இப்பத்தான் மாட்டக் கத்துண்டிருக்கார்.”

கிழவரின் கண்கள் நயினாரைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, பின்கட்டு அறைக்குள் மேஜைமேல் இருந்த மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வெள்ளையடிக்கும்போது பரணில் கிடைத்த பெட்டி அது. நாலு பக்கமும் ஆணி அடித்திருந்தது. “எனக்குப் பதினோரு வயசு இருக்கும்,” என்றார் மகாதேவன். “அப்பா ஒரு நாள் இதைத் தூக்கிண்டு வந்தார். எனக்குத்தான்னு குதிச்சேன். தொடவே விடலே. அன்னிக்கே பெட்டியில போட்டு அடிச்சுட்டார். அடுத்த மாசம் அவருக்கு எழுபது. பீமரத சாந்தி பண்றோம். அன்னிக்கு இது அவர் கண் முன்னாடி ஓடணும். எங்க டிராயிங் ஆபீஸ்ல ஒரு டிரேசர் வேலை, படத்தை நகலெடுக்கற வேலை, காலி ஆறது. இதை ஓட வெச்சு, இதோட படத்தையும் அளவெடுத்துப் போட்டுக் குடு. எங்க சீஃப் மறுபேச்சுப் பேசமாட்டார்.”

டிரேசர் வேலை. மூன்றாவது மாடி, உலர்ந்த தரை, சாய்வு மேஜை, தலைக்கு மேல் மின்விசிறி. 

நயினார் ஆணிகளை நெம்பி இன்ஜினை வெளியே எடுத்தான். ஓரடிக்குச் சற்றுக் குறைந்த நீளம். மூன்று ஜோடிச் சக்கரம். புகைக்குழாய் சாய்ந்து, முன்பலகை நசுங்கி, கூரையில் ஒரு பள்ளம். சீமையிலிருந்து வந்த பொம்மை என்றார் மகாதேவன். நயினார் அதை ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை. நோட்டை விரித்தான். எதிரெதிர்ச் சக்கரங்களுக்கு நடுவே அளந்தான். இரண்டு அங்குலமும் பதினாறில் ஒன்றும். மூன்று தரம் அளந்தான். சக்கரத்தின் உயரம் நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்று கணக்கிட்டு, முப்பத்திரண்டால் பெருக்கினான். அறுபத்தாறு அங்குலம். ஐந்தரை அடி.

“இது சீமைப் பொம்மை இல்லைன்னு நெனக்கேன், சார். அங்க உள்ள தண்டவாளம் இத்தனை அகலம் கிடையாது. இது நம்ம ஊரு அகலம். நம்ம ஷண்டிங் இன்ஜினைப் பக்கத்துல நின்னு பாத்து யாரோ கையால செஞ்சிருக்காங்க.”

சொன்ன பிறகு தப்பாயிருக்குமோ என்று பயந்து, கூரையைக் கழற்றி உள்பக்கம் பார்த்தான். மண்ணெண்ணெய் டின்னின் அச்செழுத்து தெரிந்தது. கொதிகலன், நிஜ இன்ஜினிலிருந்து வெட்டிய பித்தளைக் குழாய். ஓட்டும் சுருள்வில் ஒரு கிராமபோனிலிருந்து வந்தது. ஷெட்டில் வேலை செய்த எவனோ சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து செய்திருக்கிறான். அடித்தகட்டில், ஃபிட்டர்கள் தம் கருவிகளில் எண் அடிப்பதுபோல, 217 என்று குத்தியிருந்தது. அதை மையில் எழுதினான்.

ஒன்றை மட்டும் பென்சிலில் எழுதினான். நடுச் சக்கரத்துக்கும் இணைப்புத் தண்டுக்கும் இடையில், கறுத்துக் களிம்பு பிடித்த ஒரு வில்லை, ஒரு ரூபாய் அகலம், அடித்துச் செருகியிருந்தது. அதைச் சக்கரத்தின் ஆரங்களோடு சேர்த்துக் கம்பியால் சுற்றியிருந்தார்கள். குழந்தை விஷமம் என்றார் மகாதேவன். நயினார் சுற்றுகளை எண்ணினான். பதினொன்று. நுனியைக் குறடால் முறுக்கி மடித்திருந்தது. குழந்தைக் கை இல்லை.

ஆனால் அதை எடுக்காமல் சக்கரம் சுழலாது.

அடுத்த ஞாயிறு எடுத்தான். கம்பியை ஒவ்வொரு சுற்றாக வெட்டினான். பதினோராவது சுற்று அறுந்ததும் ஹாலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டைக்குள்ளேயே உடைந்துபோன சத்தம். எட்டிப் பார்த்தான். கிழவரின் இடது கை காற்றில் ஒரே வேகமாய் மாட்டிக்கொண்டிருந்தது. மாட்டுவதும் விழுவதும், மாட்டுவதும் விழுவதும். கண்ணில் நீர் வழிந்தது.

“சந்தோஷம் போலிருக்கு,” என்றாள் மாமி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தபடி. “இன்ஜின் பேர் சொன்னாலே போறும், இப்படி ஆயிடறார்.”

நயினார் திரும்பி வந்து வில்லையை நெம்பினான். சட்டென்று கழன்று கையில் விழுந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அந்த நொடி மழை நின்றாற்போல ஓர் அமைதி.

பிறகு அந்த வாசனை வந்தது. சூடான சிலிண்டர் எண்ணெயும் நனைந்த கரித்தூளும். தினமும் குழியில் முகர்கிற வாசனை. புதிதாக வெள்ளையடித்த வீட்டில் அதற்கு என்ன வேலை?

மேஜைக்கு அடியில் தட்டுக் கேட்டது.

இரண்டு தட்டு.

நயினார் குனிந்து பார்த்தான். ஒன்றுமில்லை. ஈரத்தரை. நிமிர்ந்தபோது, இன்ஜினின் விடுபட்ட நடுச் சக்கரம் தானாகச் சுழன்று கால் சுற்றில் நின்றது. காற்றாக இருக்கும் என்று பென்சிலில் எழுதினான். ஜன்னல் மூடியிருந்ததையும் எழுதினான். அதை மையில்.

அன்று சாயங்காலம் தாராவியில் தன் அறை வாசலில் உட்கார்ந்து, புளியும் சாம்பலும் போட்டு வில்லையைத் தேய்த்தான். கறுப்பு போய்ப் பித்தளை தெரிந்தது. மேலே மாட்டுகிற துளை. நடுவில் எண்.

217.

டோக்கன். அவன் இன்ஜினிலிருந்து எடுத்தது இன்னொருவனின் டோக்கன்.

திங்கட்கிழமை காலை ஷெட்டில் அவனுடைய ஃபிட்டர் கணேசபாண்டியன் கட்டிங் சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது, வாய் சும்மா இருக்காத மனுஷர்.

“என்னல, டிராயிங் ஆபீஸ் தொரை. கையில புளி வாசம் அடிக்கி. மீன்கொழம்பு வச்சியோ?”

“அண்ணாச்சி, இதைப் பாருங்க.”

டோக்கனைக் கையில் வாங்கினார். கண்ணருகே கொண்டுபோனார். சாயா டம்ளர் கீழே போனதை அவர் கவனிக்கவில்லை.

“எங்கன கெடச்சிது?”

நயினார் சொன்னான். வீட்டுக்காரர் பேரையும் சொன்னான். கணேசபாண்டியன் அவனைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனார்.

“பிரம்மநாயகம் அண்ணாச்சியோடது. முப்பத்தொண்ணாம் வருசம். நான் அப்ப அந்தத் தொறமொகத்து ஷெட்டுல கரி அள்ளுத கூலி. சோறு திங்க நேரத்துல ஒரு சின்ன இன்ஜின் செஞ்சிட்டிருப்பாரு. அன்னைக்கி அவரு அடியில கெடந்தாரு. டோக்கன் மாட்டித்தான் இருந்துச்சு. கப்பல் சரக்கு நிக்கி, இன்ஜின் இப்பமே வேணும்னு மேலருந்து நெருக்குதாங்க. வெங்கட்ராமய்யரு ஏறுனாரு. டோக்கனைக் கழத்திப் பையில போட்டாரு. கீழ ஆளில்ல, நான் பாத்துட்டேன், சலோன்னாரு. டிரைவரு கொரல் குடுக்கவே இல்ல.”

அவர் டோக்கனைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார்.

“யாரும் கூப்பிடல பாத்துக்க. ஆனா சக்கரம் பொரள ஆரம்பிச்சப்ப ரெண்டு தட்டு கேட்டுச்சு. நான் கேட்டேன்.”

விசாரணையில் டோக்கன் மாட்டவே இல்லை என்றார் சார்ஜ்மன். தேடினார்கள், கிடைக்கவில்லை. விதியை மீறி அடியில் போனான், தன் தப்பால் செத்தான் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

“நீங்க பாத்ததைச் சொல்லலையா, அண்ணாச்சி?”

“எனக்குப் பத்தொம்போது வயசு. சோலி பெர்மனன்ட் ஆவல.” டோக்கனை நயினாரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “அந்த இன்ஜினையும் அய்யருதான் தூக்கிட்டுப் போயிருக்காரு. அதுலயே டோக்கனைத் திரும்ப மாட்டியும் வச்சிருக்காரு. சும்மாவா மாட்டுவாரு? ராத்திரி பகல்னு என்ன பாத்தாரோ. நீ எடுத்துட்ட. எடுத்தவன் நீதான் போயி மாட்டணும்.”

“மாட்டினா அது ஓடாது, அண்ணாச்சி.”

“ஓடாட்டி என்னல?”

“வேலை கிடைக்காது.”

கணேசபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நானும் அதத்தாம்ல நெனச்சேன், அன்னைக்கி,” என்றார்.

அந்த வாரம் நயினார் தினமும் ஷெட் முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டில் வேலை செய்தான். டோக்கன் சட்டைப் பையிலேயே இருந்தது. நாளைக்கு மாட்டிவிடலாம், முதலில் தண்டை நேராக்குவோம். நாளைக்கு மாட்டிவிடலாம், முதலில் சுருள்வில்லைச் சுத்தம் செய்வோம். இப்படியே ஒவ்வொரு நாளும் போயிற்று. தண்டு நேரானது. புகைக்குழாய் நிமிர்ந்தது. நசுங்கிய பலகையை உள்ளிருந்து மெல்லத் தட்டி எழுப்பினான். அவன் கை இதுவரை இவ்வளவு நேர்த்தியாக எதையும் செய்ததில்லை. அது அவனுக்கே பயமாக இருந்தது.

செவ்வாயன்று மாமி திட்டினாள். “ஏம்ப்பா, உன் சட்டை எண்ணெயெல்லாம் என் தரையிலதான் துடைக்கணுமா? சோடா உப்பு போட்டும் போகல.”

நயினார் அன்று வெளுத்த சட்டை போட்டிருந்தான். குனிந்து பார்த்தான். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புத் தடம் தொடங்கியது. ஒரு ஆளின் தோள் அகலம். இருபுறமும் குதிகால் ஊன்றிய தேய்ப்புகள். மல்லாந்து கிடப்பவன் குதிகாலை உந்தித் தலைப்பக்கமாக நகர்ந்தால் விழுகிற தடம். அவன் முதுகு தினமும் குழித்தளத்தில் போடுகிற அதே தடம்.

அளந்தான். நான்கடி.

புதனன்று ஏழடி. வியாழனன்று பத்தடி, பின்கட்டு நிலைப்படியைத் தாண்டிவிட்டது. மாமி ஒவ்வொரு நாளும் துடைத்தாள். ஒவ்வொரு நாளும் அது முந்தின நாள் நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தது. மேஜையிலிருந்து சாய்வு நாற்காலி எத்தனை தூரம் என்றும் அளந்தான். பத்தொன்பதடி.

எண்களை மையில் எழுதினான். எதிர்ப்பக்கத்தில் எழுதப் பென்சிலை எடுத்து, ஒன்றும் எழுதாமல் வைத்தான்.

அந்த ஞாயிறு பீமரத சாந்தி. வீடு நிறைந்து இருந்தது. மழை இருட்டில் ஹோமப்புகை கலந்து, ஆட்களின் முகமே மங்கலாகத்தான் தெரிந்தது. கலச நீரை ஊற்றிக் கிழவருக்குப் புது வேஷ்டி கட்டி, புது அங்கவஸ்திரம் போர்த்திச் சாய்வு நாற்காலியில் சாய்த்திருந்தார்கள். அவருடைய கண்கள் அவர் காலடியில் முடிகிற ஆறடித் தண்டவாளத்தை விட்டு நகரவில்லை. நயினார் மரச்சட்டத்தில் தகரப்பட்டை அடித்துச் செய்த தண்டவாளம் அது. நாற்காலிக்கு ஓரடி முன்னால் ஒரு கட்டை வைத்து இன்ஜின் நிற்கும்படி செய்திருந்தான்.

அன்று தரையில் தடம் எங்கே முடிகிறது என்று அவன் பார்த்திருக்கலாம். ஜமக்காளம் விரித்துவிட்டார்கள்.

இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டுச் சட்டைப் பையில் கையை விட்டான். டோக்கன் பனிக்கட்டிபோல் இருந்தது. இப்போது மாட்டினால் போதும். பழுது சரியாகவில்லை, மன்னிக்கணும் சார் என்று சொன்னால் போதும். எழுந்து வெளியே போய்விடலாம்.

மகாதேவன் தோளில் கை வைத்தார். “சீஃப்கிட்ட உன் படத்தைக் காட்டினேன். அசந்துட்டார். செப்டம்பர் ஒண்ணாம் தேதி வந்து ஜாயின் பண்ணிக்கோ. ம், சாவி குடு.”

நயினார் பையிலிருந்து கையை எடுத்தான். சாவியைச் செருகி முறுக்கினான்.

இன்ஜின் புறப்பட்டது. கைதட்டினார்கள். மூன்று ஜோடிச் சக்கரமும் ஒன்றுபோல் சுழல, தண்டு ஏறி இறங்க, அது நேராகக் கிழவரை நோக்கிப் போனது. கட்டையில் இடித்தது. நிற்கவில்லை. கட்டையைத் தள்ளிக்கொண்டு ஜமக்காளத்தில் இறங்கி, நாற்காலிக்கு அடியில் நுழைந்தது.

அங்கே நின்றது.

ஹாலில் எண்ணெய் வாசனை.

கிழவர் வாயைத் திறந்தார். ஒரு வருஷமாகப் பேசாத வாய்.

“நீச்சே கோன் ஹை?”

தெளிவாக, ஷெட் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். மாமி ஓவென்று அழுதுவிட்டாள். “பேசிட்டார். மகாதேவா, அப்பா பேசிட்டார்.” எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்த இரைச்சலில் நாற்காலிக்கு அடியிலிருந்து வந்த இரண்டு தட்டு நயினாருக்கு மட்டும்தான் கேட்டது.

இல்லை, கிழவருக்கும் கேட்டது.

அவருடைய இடது கை எழுந்தது. இந்த முறை அது எதையும் மாட்டவில்லை. காற்றில் மாட்டியிருந்ததை இரண்டு விரலால் கழற்றி, மெதுவாக மடிக்குக் கொண்டுவந்தது.

அடியில் சுருள்வில் மறுபடி முறுக்கவிழும் ஓசை கேட்டது.

மாமி அவர் தோளைத் தொட்டு உலுக்கியபோது தலை சாய்ந்துவிட்டது. புது அங்கவஸ்திரத்தை விலக்கினார்கள். மார்புக்குக் குறுக்கே, வெளுத்த தோலில், இரண்டு கறுப்புக் கோடுகள். நேராக, இணையாக. நடுவே எவ்வளவு இடைவெளி என்று நயினார் அளக்கத் தேவையிருக்கவில்லை.

இரண்டாவது தடவை வந்த பக்கவாதம் என்றார் டாக்டர். யாரோ தூக்கும்போது பட்ட எண்ணெய்க்கறை என்றார்கள். எழுபது முடிந்து, கலசத் தீர்த்தம் காயும் முன்னே, கடைசியாக ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போன பாக்கியசாலி என்றார்கள்.

பதிமூன்று நாள் காரியமும் முடிந்த பிறகு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நயினார் அந்த இன்ஜினில் டோக்கனை மாட்டப் போனான். சக்கரத்துக்கும் தண்டுக்கும் இடையில் செருகிப் பார்த்தான். நுழையவில்லை. வளைந்திருந்த தண்டை அவன் மயிரிழை தவறாமல் நேராக்கியிருந்தான். ஒரு காகிதம் போகிற இடைவெளிதான் இருந்தது. வேறெங்காவது கட்டலாம் என்று கம்பியைச் சுற்றினான். சுற்றச் சுற்றக் கம்பி அறுந்தது. மூன்றாவது தரம் அறுந்தபோது டோக்கனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி டிராயிங் ஆபீசில் சேர்ந்தான். மூன்றாவது மாடி. உலர்ந்த தரை. சாய்வு மேஜை. மேஜையின் பக்கவாட்டில் ஒரு ஆணி அடித்து அதில் டோக்கனை மாட்டினான். அது தொங்குகிற வரை ஒன்றும் நடக்கவில்லை. வாசனை இல்லை, தடம் இல்லை. அதை யாரும் தொட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தான். என்னப்பா, அம்மன் கோயில் தாயத்தா என்று கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டான். அக்டோபர் வந்தபோது நோட்டில் பென்சில் எழுத்தே குறைந்திருந்தது.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை. எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கால்களை மேஜைக்கு அடியில் நீட்டினான். தற்செயலாக ஆணியைப் பார்த்தான்.

ஆணி வெறுமையாக இருந்தது.

பியூன் உதுமான் பாய் வாசலில் நின்று துடைப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். “அந்த வில்லையா தம்பி? லீவுல போனவனுக்குப் பதிலா வந்த புது ஆளுகிட்ட, பித்தளை எல்லாம் தேய்ச்சுப் பூஜைக்கு வைக்கச் சொன்னேன். அவன் அதையும் எடுத்துட்டான் போல. அந்தா, சாமி படத்துக்கு முன்னால மின்னுது பாருங்க. எடுத்துட்டு வரவா?” என்றவர் தரையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். “யாரு தம்பி இது? நேத்துத்தான் கழுவினோம். படிக்கட்டுலேருந்து உங்க மேஜை வரைக்கும் ஒரே எண்ணெய்.”

நயினார் திரும்பிப் பார்க்கவில்லை. தோளகலத் தடம் எங்கே வந்து முடிகிறது என்று அவனுக்குத் தெரியும்.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துபோய் டோக்கனை எடுத்துவர வேண்டும். எழுவதற்காகக் கையை ஊன்றினான். நாற்காலியின் கால் ஒரு நூல் அளவு நகர்ந்தது.

அடியில், அவனுடைய முழங்கால்களுக்கு நடுவே, இரண்டு தட்டு.

நயினார் அப்படியே இருந்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, உடம்பை அசைக்காமல், கையை மட்டும் நீட்டி நோட்டைத் திறந்தான். பென்சிலை எடுத்தான். கீழே வைத்தான். பேனாவின் மூடியைக் கழற்றி எழுதினான்.

“கீழே ஆள் இருக்கிறது.”

மை காயும் முன்னே, பாதத்தின்மேல் சூடாக ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது.